உன் கையை மட்டும் பார்த்தவர்கள்

இன்று காலை ஒரு பெண் என் தையல் கடைக்கு வந்தாள். கல்லூரிக்குப் போகிற வயசு. மெல்லிய பருத்தித் துணி ஒன்றை மேசைமேல் வைத்து, "மணிக்கட்டு வரைக்கும் கை வைங்கக்கா. டைட்டா இருக்கணும், மேல ஏறக் கூடாது" என்றாள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஜமுனாமரத்தூர் சந்தைக்கு வந்தவர்கள் நிழல் எங்கே என்று அலைகிறார்கள். இஞ்ச் டேப்பைக் கையில் பிடித்தபடி நான் அப்படியே நின்றுவிட்டேன். இந்தக் கடையைப் போட்டதும் முதல் துணி கொண்டுவந்தவள் நீ. நீயும் இதையேதான் சொன்னாய்.

சாயங்காலம் வா, அளவு எடுக்கிறேன் என்று அவளை அனுப்பிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கீழே, அடிவாரத்துக் கல்லூரி விடுதியில் நமக்கு ஒரே அறை. நம் வகுப்பில் மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். உன் கையில் இருந்த கோடுகளை எல்லாரும் பார்த்தார்கள், யாருக்கும் உறுத்தவில்லை. சாமை அறுப்புக்கு ஊருக்குப் போய்வரும் நம் பெண்களின் கை அப்படித்தான் இருக்கும். அரிவாள் பட்டிருக்கும், சாமைத் தாள் கிழித்திருக்கும். விடுதிக் காப்பாளர் அப்படித்தான் நினைத்தார். உன் அம்மாவும் "அறுப்பறுத்த கை தானே, தேங்கா எண்ண தடவு" என்றாராம். அதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாய். ஆனால் அறுப்பு முடிந்து, களம் காலியாகி, புளி உலுக்கும் காலம் வந்த பிறகும் உன் கையில் புதுக் கோடுகள் இருந்தன. நானும் சாமை அறுத்தவள்தானே. கேட்டுவிட்டேன். நீ துப்பட்டாவை இழுத்துக் கையை மூடிக்கொண்டாய்.

"சாவணும்னு இல்லடி" என்றாய். "உள்ள கொதிக்குது. யாராண்ட கொட்றதுன்னு தெரில. இப்டி பண்ணா கொஞ்ச நேரம் அடங்குது. அப்பறம் வெக்கம் வந்து முன்னவிட ஜாஸ்தியா கொதிக்குது."

அந்த வாரம்தான் ஒரு ஆசிரியர் வகுப்பில் உன்னை எழுப்பி, "உங்க மலைக்குக் கரண்ட் வந்துடுச்சா, இல்ல இன்னும் தீப்பந்தம்தானா?" என்று கேட்டிருந்தார். வகுப்பே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாக நீ சிரித்தாய். எனக்குக் கோபம் வந்தால் ஊரே அறியும். உனக்கோ கோபம் வந்தால் சிரிப்பு வரும். "எம் பொண்ணுக்குக் கோவமே வராது" என்று உன் வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். வராமல் எங்கே போகும்? போக வழியில்லாத கோபம் உன் மேலேயே திரும்பியது. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். அடுப்பில் பானை வைத்துத் தட்டை அழுத்தி மூடிப் பார்த்தவர்களுக்கே தெரியும்.

விஷயம் வெளியே வந்ததும் கல்லூரியில் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு எரிகிறது. உன் அப்பாவை வரவழைத்து நிற்க வைத்தார்கள். முதல் கேள்வியே, "யாரு அந்தப் பையன்?" பையனே இல்லை என்றால் யார் நம்புகிறார்கள்? இன்னொருவர், "எல்லாரும் பாக்கணும்னு பண்றா" என்றார். எல்லாரும் பார்க்க வேண்டும் என்பவள் கொளுத்துகிற வெயிலில் முழுக்கை போட்டுக்கொண்டு திரிவாளா? இந்த ஒரு கேள்வியை யாராவது கேட்டார்களா? வீட்டில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். அந்தக் கயிற்றை மறைக்கவும் உனக்கு முழுக்கை உதவியது.

நல்லவேளையாகக் கீழே ஒரு மனநல டாக்டரம்மா கிடைத்தார். திட்டவில்லை, சத்தியம் வாங்கவில்லை, காது கொடுத்துக் கேட்டார். அங்கிருந்து திரும்பும் பஸ்ஸில் நீ என்னிடம், "ஏன் பண்ணேன்னு கேக்காதடி. இன்னா நடந்துச்சுன்னு கேளு. அப்பதான் வாய் வருது" என்றாய். உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. நடுவில் சறுக்கினாய், அழுதாய், மறுபடி போனாய். படிப்பு முடிந்து ஊருக்குத் திரும்பியதும் நான் இந்தக் கடையைப் போட்டேன், நீ அங்கன்வாடி வேலைக்குச் சேர்ந்தாய். என் கடைக்குள் நுழையும்போதே, வானிலை அறிக்கை வாசிப்பதுபோல், "நா இப்போ செம கோவத்துல கீறேன்" என்று அறிவிப்பாய். துணி கொடுக்க வந்தவர்கள் பயந்துபோய் உன்னைப் பார்ப்பார்கள். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

ஒருநாள் பச்சை நிறத் துணி கொண்டுவந்து, "கையக் குட்டையா வை. இந்தக் கைக்கும் காத்து வாணாமா?" என்றாய். அதைத் தைத்தபோது எனக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணப் புடவைக்கு ஜாக்கெட் தைத்தபோதுகூட இல்லை. அங்கன்வாடிப் பிள்ளைகள் "இது இன்னா கோடு டீச்சர்?" என்று கேட்டால், "முன்ன ரொம்ப கோவம் வந்துச்சு, பேசத் தெரில. இப்போ தெரியும்" என்பாய். தழும்புக்கு இதைவிட நேர்மையான விளக்கம் யார் சொல்லிவிடப் போகிறார்கள்?

அந்தப் பச்சை ஜாக்கெட்டோடுதான் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

மழைக்காலம். தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தவள் விடியும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாய். வாந்தி, நாக்கு குழறல். உன் தம்பியும் நானும் ஜீப்பில் வைத்து மலை இறக்கினோம். வாசலில் இருந்த இளம் டாக்டர் உன் முகத்தைப் பார்ப்பதற்கு முன் உன் கையைப் பார்த்தார். "இன்னா குடிச்சா? மறைக்காம சொல்லுங்க." நீ குழறிக் குழறி, "ஒண்ணும் குடிக்கல சார்" என்றாய். உன் இமைகள் தூக்க முடியாமல் தொங்கின. மாத்திரை மயக்கம் என்றார்கள். குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். "அவ சொல்றத கேளுங்க சார்" என்று நான் கத்தினேன். என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். பிறகு வந்த பெரிய டாக்டர் உன் இமையைத் தூக்கிப் பார்த்த உடனே கட்டுவிரியன் என்றார். அது கடித்தால் தடம்கூடச் சரியாகத் தெரியாதாம். பாம்புக்கடி மருந்தை ஏற்றினார்கள். ஆனால் நேரம் போய்விட்டிருந்தது.

குட்டைக் கை தைத்துக் கொடுத்தேனே என்று நான் அழுவேன் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். அழமாட்டேன். உன் கைக்குக் காற்று கொடுத்தது ஒரு நாளும் தப்பாகாது. புண் ஆறிப்போன கையைப் பார்த்துவிட்டு, எதிரே உயிரோடு பேசிக்கொண்டிருந்தவளைப் பார்க்காமல் விட்டார்களே, அதுதான் தப்பு. பாம்பு என்று சான்றிதழே கொடுத்த பிறகும் ஊர் வாய் மூடவில்லை. போன மாதம் ஒருத்தி இதே மேசைக்கு எதிரில் நின்று, "கைய அறுத்துக்கிட்ட பொண்ணு தானே, மருந்து குடிச்சி செத்துச்சே?" என்றாள். அவள் துணியைச் சுருட்டி அவள் கையிலேயே கொடுத்து, "வேற கடையப் பாரு" என்றேன். வாழ வேண்டும் என்று எத்தனை பாடுபட்டாய்! அதை உன்னிடமிருந்து பிடுங்க இவர்கள் யார்?

இதற்குமேல் எழுத முடியாமல் பேனாவை மூடிவிட்டேன். இப்போது இருட்டப் போகிறது. காலையில் வந்த பெண் திரும்ப வந்துவிட்டுப் போய்விட்டாள்.

மணிக்கட்டு வரைக்கும் அளவு எடுத்தேன். அவள் கேட்டபடியே தைத்துத் தருவேன். மறைக்க வேண்டியிருப்பவளிடமிருந்து துணியைப் பிடுங்குவது என் வேலை இல்லை. ஆனால் நீ சொன்னபடி கேட்டேன்: "இன்னா நடந்துச்சு கண்ணு?"

"ஒண்ணும் இல்லக்கா."

"சரி. சும்மா வந்து உக்காரணும்னாலும் வா." அந்த டாக்டரம்மாவைப் பற்றியும் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுப் படி இறங்கினாள். கொஞ்ச தூரம் போனவள் திரும்பி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்த டாக்டரு திட்டுவாங்களாக்கா?"

"திட்டமாட்டாங்க. திட்டினா நா சும்மா வுடுவேனா?" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. நாளைக் காலை பஸ்ஸில் இரண்டு பேரும் கீழே போகிறோம். உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது என்னைக் கதவுக்கு வெளியே தள்ளினார்கள். நாளை அவள் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போகிறேன். அவள் பேசி முடிக்கும்வரை அங்கிருந்து எழுந்திருக்க மாட்டேன்.