அப்பாவைப் பேச விடு

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதிப் பழகிய கை இது. இந்த ஒரு தடவை அதை எழுதாமல் விடுகிறேன்.

போனில் சொல்லாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். இந்த வீட்டு வண்டிக்குள் ஒரு வாரம் இருந்து பார்த்தால் உனக்குப் புரியும். படுக்கை, அடுப்பு, சாப்பாட்டு மேசை எல்லாம் ஒரே அறை. நான் இந்த மூலையில் பெருமூச்சு விட்டால் அப்பா அந்த மூலையிலிருந்து என்ன என்று எட்டிப் பார்ப்பார். போனும் வழி காட்டுகிறேன் பேர்வழி என்று எப்போதும் அவர் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் வண்டிகளை நிறுத்தும் இந்த முகாமில், துணி துவைக்கும் அறைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். மெஷின் சுற்றும்போது தரையே ஆடுகிறது. கையெழுத்து கோணலாக இருந்தால் பழி அதன் மேல்.

அடுத்த மாதத் தொடக்கத்தில் அப்பாவின் குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள் என்பது உனக்குத் தெரியும். ஆனால் நீயும் நானும் இதுவரை ‘ஆபரேஷன்’ என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டோம், அதைத் தாண்டிப் பேசவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன். கட்டி முழுவதும் போய்விடும், உயிருக்குப் பயமில்லை என்கிறார் டாக்டர். நானும் நம்புகிறேன், நம்பாமல் வேறென்ன செய்ய. ஆனால் அதற்குப் பிறகு கழுத்தில் போடும் துளை வழியாகத்தான் மூச்சு விடுவார். ஏதோ கருவி வைத்துப் பேசப் பழக்குவார்களாம். அது பேச்சாக இருக்கும், அப்பாவின் குரலாக இருக்காது. துளைக்குள் தண்ணீர் போனால் நேராக நுரையீரலுக்குப் போய்விடும் என்பதால் ஆறு, ஏரி, படகு எல்லாம் இத்தோடு சரி.

டாக்டர் நாள் குறித்துக் கொடுத்தபோது அப்பா கேட்ட ஒரே கேள்வி, “அதுவரைக்கும் வண்டி ஓட்டலாமா?” என்பதுதான். ஓட்டலாம் என்றார் டாக்டர். உடனே இந்த வண்டியை வாடகைக்கு எடுத்துவிட்டார். முதலில் ஸ்பானர் மாமா வீடு, அங்கிருந்து கண்ணாடி மாமா வீடு, அவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏரியில் ஒரு தடவை கயாக் படகு ஓட்டுவது. இதுதான் திட்டம். இந்த உடம்போடு எதற்கு இந்த அலைச்சல் என்று கேட்டதற்கு, “சும்மா பாத்துட்டு வரலாம்” என்றார். அதை அப்படியே நம்பினேன் பார், நான் ஒரு மக்கு.

கிளம்புவதற்கு முன் அவருக்குத் தெரியாமல் இரண்டு மாமாக்களுக்கும் போன் செய்தேன். பேசினால் அவருக்குத் தொண்டை வலிக்கிறது, தயவுசெய்து அவரைப் பேச வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். உனக்கும் அதையேதான் சொன்னேன், போன் செய்யாதே, எழுதி அனுப்பு என்று. வேலையில் இருந்த காலமெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து, உதட்டில் விரல் வைத்தே சம்பளம் வாங்கியவள் நான். யாருக்காவது நல்லது செய்ய வேண்டும் என்றால் சத்தத்தைக் குறைப்பதுதான் எனக்குத் தெரிந்த வழி. உன் அப்பாவோ டிரைவிங் ஸ்கூலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசியே ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். இந்த ஜோடி எப்படிச் சேர்ந்தது என்று ஸ்பானர் மாமா இன்னமும் கேட்கிறார்.

ஸ்பானர் மாமாவை நீ மறந்திருக்க மாட்டாய். டிரைவிங் ஸ்கூல் கார்கள் எங்காவது மோதிக்கொண்டு வரும்போதெல்லாம் தட்டி நிமிர்த்திக் கொடுத்தவர். இப்போது பட்டறையை மகளிடம் விட்டுவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளுக்கெல்லாம் குறை சொல்கிறார். எங்கள் வண்டி உள்ளே திரும்பும்போதே அதன் சைலன்சர் சரியில்லை என்றார். அப்பாவைக் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்ட கையை எடுக்கும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

மழைக்குக் கூரை ஒழுகியது, மின்சாரக் கார் வந்து தொழில் படுத்தது, முழங்கால், மருமகன். ஒன்றை முடிக்காமலே அடுத்ததற்குத் தாவினார். அப்பா வாயைத் திறக்கும்போதெல்லாம், “நீ சும்மா இரு, நான் சொல்றேன்” என்று அடக்கினார். அந்தப் பல் டாக்டர் கதை உனக்குத் தெரியுமே. வண்டி பழக வந்தவர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்து, காரை சலூனுக்குள் விட்டாரே, அதுதான். காருக்குள் இருந்தவர் அப்பா. அதை ஸ்பானர் மாமா தப்பும் தவறுமாகச் சொன்னார், பல் டாக்டரைக் கண் டாக்டராக்கிவிட்டார். அப்பா திருத்தப் போனார். மாமா கையமர்த்திவிட்டார். அப்பா சிரித்துக்கொண்டார். நானும் நிம்மதியாக மாமாவுக்கு இன்னொரு கப் டீ ஊற்றினேன்.

மறுநாள் கிளம்பும்போது மாமா வண்டியைச் சுற்றி என் பக்கத்துக் கதவுக்கு வந்தார். “பாத்தீங்களாம்மா, ஒரு வார்த்தைகூட பேச விடல” என்று என் காதோடு சொல்லிவிட்டு, கையிலிருந்த பட்டறைத் துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகமெல்லாம் கிரீஸ். நானும் அவருக்கு நன்றி சொன்னேன்.

அன்று வழி முழுவதும் அப்பா ரேடியோவைப் போட்டுவிட்டார். நடுவில் பெட்ரோல் போட நிறுத்தியபோதுதான் நீ கேட்டது நினைவுக்கு வந்தது, அப்பா குரலைப் பதிவு செய்து அனுப்பு என்று எழுதியிருந்தாயே. போனை அவர் முன்னால் நிறுத்திவைத்து ஏதாவது பேசுங்கள் என்றேன். சட்டையைச் சரிசெய்துகொண்டார், தொண்டையைச் செருமினார், “பதிவாகுதா?” என்றார். ஆகிறது என்றேன். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பதில் சொல்லாத ஒண்ணுகிட்ட என்னத்தப் பேச” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். உனக்கு அனுப்பாமல் வைத்திருக்கிறேன். அதில் பெட்ரோல் பங்க் சத்தம்தான் அதிகம்.

கண்ணாடி மாமா டிரைவிங் ஸ்கூலில் அப்பாவோடு வேலை பார்த்தவர். அவ்வளவு தடிமனான கண்ணாடியோடு அவர் எப்படி மற்றவர்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார் என்பது இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை. தனியாள், ஆனால் வீட்டைப் பளிச்சென்று வைத்திருக்கிறார். தொண்டைக்கு இதமாக சூப் வைத்திருந்தார், தலையணையை உயர்த்திப் போட்டிருந்தார். எல்லாம் முறைப்படி செய்கிற ஆள் அல்லவா, சாப்பாட்டு மேசையில் அப்பா உட்காரும் இடத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும் வாங்கி வைத்திருந்தார். கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறுகூட இருந்தது. “இப்பவே பழகிட்டா பின்னாடி கஷ்டமா இருக்காது பாரு” என்றார்.

அப்பா பலகையை எடுத்துப் பேனாவைத் திறந்தார். பிறகு ‘நன்றி’ என்று எழுதி மாமாவிடம் காட்டினார். கவிழ்த்து வைத்துவிட்டு சூப்பைக் குடித்தார். எனக்கு அப்போதுகூட உறைக்கவில்லை, மாமாவுக்கு எவ்வளவு அக்கறை என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் கயாக். இரண்டு பேர் உட்காரும் படகு. உனக்கு நினைவிருக்குமே, முன்னால் நான், பின்னால் அப்பா. பின்னால் இருப்பவருக்கு எல்லாம் தெரியும், முன்னால் இருப்பவருக்குத் தண்ணீர் மட்டும்தான் தெரியும். திரும்பிப் பார்த்தால் படகு கவிழ்ந்துவிடும் என்று முதல் நாளே அவர் மிரட்டி வைத்ததில் நான் இன்றுவரை திரும்பியதில்லை. அவர் குரல்தான் எனக்கு வழி. இடது, வலது, மெதுவா, துடுப்பைத் தூக்கு என்று டிரைவிங் ஸ்கூல் கணக்கிலேயே சொல்லிக்கொண்டு வருவார். எரிச்சலாகக்கூட இருக்கும்.

இந்தத் தடவை கண்ணாடி மாமா அதற்கும் ஒரு ஏற்பாடு செய்துவிட்டார். பேச வேண்டாம், துடுப்பால் படகைத் தட்டினால் போதும் என்றார். ஒரு தட்டு என்றால் இடது, இரண்டு தட்டு என்றால் வலது. அப்பா தலையாட்டினார். தண்ணீர் அசைவில்லாமல் இருந்தது. அவர் தட்டத் தட்ட நான் துடுப்புப் போட்டேன். கரை சின்னதாகிவிட்டது. நாணல் கூட்டத்தைத் தாண்டி ஏரியின் நடுப்பக்கம் வந்த பிறகு தட்டும் சத்தம் நின்றுவிட்டது.

நான் காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. என்னங்க என்றேன். பதில் இல்லை. மயக்கமா, மூச்சு அடைத்துவிட்டதா, திரும்பினால் கவிழ்ந்துவிடுமே, அவருக்கு நீந்தத் தெம்பு இருக்கிறதா, என்னவெல்லாமோ ஓடியது. மறுபடி கூப்பிட்டேன், கத்தினேன் என்றே சொல்லலாம். பின்னாலிருந்து மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் கரகரப்போடு, “இருக்கேன். நீயும் ஒரு நிமிஷம் பழகிப் பாரேன்னுதான்” என்றார்.

அவரே தொடர்ந்தார். “எல்லாரும் சேந்து என்னை இப்பவே ஊமையாக்கிட்டீங்க. நான் பேசத்தான் வந்தேன். இவங்க ரெண்டு பேர்கிட்டயும் என் வாயால பேசிட்டுப் போயிரலாம்னு இவ்ளோ தூரம் வண்டி ஓட்டிக்கிட்டு வந்தா, ஒருத்தன் என் கதைய அவனே சொல்றான், இன்னொருத்தன் பலகை வாங்கி வெச்சிருக்கான்.” வலிக்குமே என்றேன். “வலிச்சா வலிக்கட்டும். அடுத்த மாசம் வலிக்கறதுக்கு அது இருக்காதில்ல” என்றார். போன் போட்டுச் சொல்லி வைத்தது நான்தான் என்று அப்போதே சொல்லிவிட்டேன். தெரியும் என்றார். நூலகத்துக்காரி வேறு என்ன செய்வாள் என்றும் சொன்னார்.

பிறகு உன்னைப் பற்றிக் கேட்டார். “பாப்பா ஏன் போனே பண்றதில்ல? எல்லாத்தையும் எழுதியே அனுப்பறா. நான் பேசறதக் கேக்கப் பயமா அவளுக்கு?” என்றார்.

துடுப்பை மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். படகு அதன் போக்கில் நகர்ந்தது. அவர் அந்தப் பல் டாக்டர் கதையை முதலிலிருந்து, சரியாகச் சொன்னார். சலூனில் பாதிச் சவரத்தோடு எழுந்து ஓடியவர், மீதிச் சவரத்துக்குப் பணம் தர மாட்டேன் என்று சண்டை போட்டதுவரை சொன்னார். நடுநடுவே குரல் அறுந்து போகும். காற்று மட்டும் வரும். மறுபடி பிடித்துக்கொள்வார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நல்லவேளை, முன்னால் இருப்பவள் முகம் பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. ஆனால் என் தோள் குலுங்கியது தெரிந்திருக்கும். “படகை ஆட்டாதே” என்றார்.

கரைக்கு வந்ததும் கண்ணாடி மாமாவைச் சமையலறைக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார். அன்று சாயங்காலம் முழுக்க இரண்டு பேரும் வண்டி வாசலில் மடக்கு நாற்காலி போட்டு, யாரிடம் படித்தவர்களில் அதிகம் பேர் தேறினார்கள் என்று சண்டை போட்டார்கள். அப்பாவின் குரல் நின்று போகும் இடங்களில் மாமா வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார். அவர் சொல்ல வருவது என்ன என்று தெரிந்தும் எடுத்துக் கொடுக்கவில்லை. தட்டுக் கழுவிக்கொண்டே நான் அதைக் கேட்டேன். ஒரு மனிதனுக்காகக் காத்திருப்பது என்றால் என்ன என்று அன்றுதான் பார்த்தேன்.

மகளே, எனக்குப் பயமாக இருக்கிறது. ஆபரேஷன் தியேட்டருக்குள் போகிறவர் வெளியே வருவார் என்று டாக்டர் சொல்கிறார். வந்த பிறகு அடுத்த அறையிலிருந்து என்னை யார் கூப்பிடுவார்கள் என்று டாக்டரிடம் கேட்க முடியாது. உன்னிடம்தான் சொல்ல முடியும்.

அதனால் இந்தக் கடிதம் கிடைத்ததும் அவருக்குப் போன் செய். எழுதி அனுப்பாதே. காலை வேளையில் குரல் கொஞ்சம் தெளிவாக இருக்கிறது. கேட்டதும் பதறிவிடாதே, முதலில் தகரத்தைத் தேய்ப்பது போல இருக்கும், கொஞ்சம் பொறுத்தால் அதற்குள்ளே அப்பா தெரிவார். உடம்பு எப்படி என்று மட்டும் கேட்காதே, நல்லாயிருக்கேன் என்று முடித்துவிடுவார். மாப்பிள்ளை வாங்கப்போகும் பழைய கார் பற்றிக் கேள். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கேள். தெரிந்தாலும் தெரியாத மாதிரி கேள். தப்பாக ஏதாவது சொல், திட்டட்டும். குரல் நின்றுபோனால் நீ பேசி நிரப்பாதே. அழுகை வந்தால் வாயைப் பொத்திக்கொள், போனை மட்டும் வைத்துவிடாதே.

எப்போதும் போல ரெண்டு வார்த்தை பேசியதும், “இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்” என்பார். நான் வண்டியில் இருக்க மாட்டேன். நீதான் என்று தெரிந்தவுடன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவேன். படியில் நின்று என்னைக் கூப்பிடுவார். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே நடப்பேன், திரும்பிப் பார்க்க மாட்டேன். கொடுக்க ஆள் இல்லாமல் அவரே பேசட்டும்.

நீயும் மாப்பிள்ளையும் ஒருவரோடு ஒருவர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு நீண்ட நாள் நன்றாக இருங்கள்.

உன் வழி பார்த்திருக்கும்,
அம்மா