தலையாட்டி வாங்கிய மூன்று குடைகள்

சின்னவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே இருவரும் நலம், அதாவது அப்பா நலம், நான் அவரைக் கட்டி மேய்க்கும் அளவுக்கு நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

வெளிநாடு பார்த்துவிட்டு வாருங்கள் என்று டிக்கெட் எடுத்துக் கொடுத்தாயே, வந்த நாலு நாளில் நான் பார்த்தது அப்பா அடிக்கிற கூத்தைத்தான். காது மந்தமானதிலிருந்து யார் எது சொன்னாலும் கேட்ட மாதிரி தலையாட்டுவாரே, இங்கேயும் அதே வேலை. குடைக் கடைக்காரி ஏதோ கேட்டாள், இவர் ஆட்டினார், மூன்று குடையைக் கட்டிக் கையில் கொடுத்துவிட்டாள், வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை. பஸ்ஸில் டிரைவர் திரும்பித் திரும்பி என்னவோ சொன்னார், இவரும் சளைக்காமல் ஆட்டினார், கடைசியில் பஸ் கழுவுகிற கொட்டகைக்குள் போய் நிற்கிறோம், கண்ணாடியெல்லாம் சோப்பு நுரை, உள்ளே நாங்கள் இரண்டே பேர். "ஜம்முனு இருக்குல்ல" என்கிறார், எனக்கு எப்படி இருக்கும்! நீ வாங்கிக் கொடுத்த காது மெஷின் சூட்கேஸ் அடியில் தூங்குகிறது. ஊர் திரும்புவதற்குள் போட வைக்கிறேன் என்று உன்னிடம் வாக்குக் கொடுத்துத் தொலைத்தேன், தினமும் எடுத்து நீட்டுகிறேன், "உய்யுனு கத்துது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

முந்தாநாள் முடி வெட்டப் போனார். இவ்வளவு வெட்டினால் போதும் என்று விரலால் காட்டினாராம், இவ்வளவு விட்டால் போதும் என்று சலூன்காரர் எடுத்துக்கொண்டார். அறைக் கதவைத் திறந்தால் யாரோ மொட்டைத் தலை, பதறிப்போனேன். சண்டை பிடிக்கலாம் என்று இவரையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனால் இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள். அன்றிலிருந்து வேறு எதையும் பார்க்க வரமாட்டேன் என்கிறார், அந்தக் கடைதான் கதி.

இன்றைக்கும் இழுத்துவரப் போனேன். சலூன்காரர் ஏதோ சொன்னார். அப்பா தலையாட்டவில்லை, "என்ன?" என்றார். அந்த ஆள் கத்திரியை வைத்துவிட்டுக் கையால் காட்டினார். அப்பா மறுபடியும் "என்ன?" என்றார். அவர் சோப்பைத் தொட்டுக் கண்ணாடியில் படம் போட்டார், அதற்கும் "என்ன?", கடைசியில் தன் பல்லைத் தொட்டுக் காட்டிக் குழந்தை மாதிரி தவழ்ந்தே காட்டினார். அவருடைய பேத்திக்குப் பல் முளைத்திருக்கிறதாம், அவ்வளவுதான் சேதி.

வீட்டில் வாயே திறக்காத மனிதருக்குப் பாஷை புரியாத ஊரில் இவ்வளவு பேச்சா என்று வழியில் கேட்டேன். "அந்த ஆளு எனக்குப் புரியிற வரைக்கும் சொல்றாரு. வீட்டுல நான் என்னன்னு கேட்டா, ஒன்னுமில்ல விடுங்கன்னுடுறீங்க. அதான் தலையாட்டப் பழகிட்டேன்" என்றார். குறையாகக்கூடச் சொல்லவில்லை, போகிற போக்கில் சொன்னார். ஒரு நாளைக்கு எத்தனை முறை நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன், வெட்கமாக இருந்தது.

மெஷினை நான் விடப்போவதில்லை, அது தனி. நோய்நொடி அண்டாமல், மனசு நிறைந்து நீ நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது மறக்காதே, அப்பா "என்ன?" என்று கேட்டால் "போனை அம்மாகிட்ட குடுங்க" என்று சொல்லாதே. பத்துத் தடவை ஆனாலும் அவரிடமே சொல்.

இப்படிக்கு,
உன்னைப் போலவே அவரிடம் பொறுமையில்லாத
அம்மா