பச்சைப் பொட்டலம்

சின்ச்சு நகரம்

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? தீவில் குளிர்காற்று தொடங்கியிருக்கும், வெளியே அலையாதே. நான் நலம்.

இயந்திரங்கள் சொன்னபடி கேட்கட்டும் என்று நீ அனுப்பிய ‘நல்ல பிள்ளை’ பச்சை பிளாஸ்டிக் பொரிப் பொட்டலம் இங்கே ஆய்வகத்தில் ஒரு கூத்து நடத்திவிட்டது. புதிய அதிவேகச் சிப்புகளில் இரண்டு பழுதாகி, அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தன. மிச்சம் ஒன்றுதான். எங்கள் குழுத் தலைவர் குவோ, புதிதாகச் சேர்ந்த பெய்-ஷானைப் பிடித்துக்கொண்டார்.

“கையில எர்த் பட்டை கட்டாம தொட்டிருப்ப. இதுவும் போச்சுன்னா நாளைக்கு வராத.”

“கட்டியிருந்தேன் சார்.” அவள் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள்.

பழுதான சிப்புக்கு மின்சாரம் கொடுத்து, அதன்மேல் ஸ்பிரிட் தடவினேன். ஒரு மூலை மட்டும் உடனே காய்ந்தது. சூடு அங்கேதான். உராய்வில் பிறக்கும் மின்சாரம் பாய்ந்த தடம் அது. எங்கிருந்து பாய்ந்தது?

கடைசிச் சிப்பைப் பொருத்தினோம். குவோ பொட்டலத்தைக் கம்பளிச் சட்டையில் பக்தியோடு துடைத்து, அதன் அருகே கொண்டுபோனார். முதல் இரண்டுக்கும் இதே பூசைதான் நடந்தது.

“சார், கைய எடுங்க!” என்று கத்திவிட்டேன்.

அவர் கை முடியெல்லாம் பொட்டலத்தைப் பார்த்து எழுந்து நின்றது.

“அட, நாந்தானா?”

“அது நல்ல புள்ளதான் சார்,” என்றாள் பெய்-ஷான். “நீங்கதான் சேட்ட பண்றீங்க.”

சிப் பிழைத்தது, அவளும்தான்.

பொட்டலம் இப்போது என் தலைமாட்டில் இருக்கிறது. அனுப்புவதை நிறுத்தாதே, உலர்ந்த கணவாய் மீனும் கொஞ்சம் வை. இந்த வயதில் என்னிடம் நல்ல பிள்ளையாக இரு என்று சொல்ல இங்கே வேறு யாருமில்லை.

வேலைக்குப் போகும் பேருந்து வந்துவிட்டது.

உன் ஷு-சின்