இரண்டாவது பிரேக்

அன்புள்ள சிட்டு,

நீ அனுப்பிய பெட்டி போன செவ்வாய்க்கிழமை பத்திரமாக வந்து சேர்ந்தது. நான் நலம். உன் அம்மாவும் நலம்தான். அவள் நலத்தில் ஏதாவது குறை இருந்தால் அது நான் நாள் முழுக்க வீட்டில் இருப்பதால் வந்த குறை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நான் முடித்து வைத்துவிடுகிறேன். அதற்குப் பயந்தே நீ எடுத்த எடுப்பில் "அம்மாகிட்ட குடுங்கப்பா" என்கிறாய். காகிதம் என்றால் நான் பாட்டுக்குப் பேசலாம், நீ பாட்டுக்குப் படிக்கலாம். பிடிக்காவிட்டால் மடித்து வைத்துவிடலாம்.

பெட்டியைப் பிரித்ததும் ரிமோட் ஹெலிகாப்டருக்கு மேலே இருந்த உன் சீட்டைத்தான் முதலில் படித்தேன். "அப்பா, இதில் பக்கத்து சீட் கிடையாது." உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

என்னைப் பற்றி அவள் உன்னிடம் போட்டுக்கொடுத்திருப்பாள், தெரியும். முப்பத்தொரு வருஷம் டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்தே பிழைத்தவன் நான். ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகியும் கால் அடங்க மாட்டேன் என்கிறது. டாக்ஸியில் ஏறினால் தரையை மிதிக்கிறேன். அன்றைக்கு ஒரு டாக்ஸிக்காரர் வண்டியை ஓரங்கட்டி, "சார், கீழ பூச்சி கீச்சி ஏதாவது ஓடுதா?" என்று கேட்டே விட்டார். உன் அம்மா வெங்காயம் நறுக்கும்போது பின்னால் நின்று "மெதுவா, மெதுவா" என்கிறேனாம். கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஹாலைப் பார்த்துக் கையை நீட்டினாள். போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஹெலிகாப்டர் விஷயத்துக்கு வருகிறேன். பாடப் புத்தகம் படிக்காமல் வண்டியில் ஏறுகிறவர்களை நான் எப்படித் திட்டுவேன் என்று உனக்குத் தெரியும். அதே நான், குறிப்புப் புத்தகத்தைப் பிரிக்காமலேயே ஹாலின் நடுவில் அதை வைத்துக் கிளப்பினேன். எழும்பியது. எழும்பிய கையோடு இடது பக்கம் நழுவியது. பதறி வலது பக்கம் தள்ளினேன். திரைச்சீலையைச் சுருட்டிக்கொண்டு, காலண்டரில் மூன்று மாதத்தைக் கிழித்துவிட்டு, சோபாவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மொத்தம் ஐந்து நொடி இருக்கும். இறக்கை ஒன்று உடைந்தது, என் விரலிலும் கீறல்.

மறுநாள் பல் அடைக்கப் போனேன். பல் டாக்டரம்மா என் வாயைத் திறக்க வைத்துவிட்டு, விரலில் இருந்த பிளாஸ்திரியைப் பார்த்து, "ஹெலிகாப்டரா?" என்றார். வாய் நிறையப் பஞ்சு. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் எட்டு வருஷமாக ஹெலிகாப்டர் விடுகிறாராம். "ஞாயித்துக்கிழமை காலையில மூடிக்கிடக்குற தொழிற்சாலைக்குப் பின்னாடி மைதானத்துக்கு வாங்க, கத்துத் தர்றேன்" என்றார். என்னால் மறுத்துப் பேச முடியாத நேரம் பார்த்துச் சொல்லிவிட்டார்.

ஐம்பத்தொன்பது வயதில் மாணவனாகப் போகிறேன். உன் பரிசுக்கு நன்றி, அம்மா. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அப்பா

*

அன்புள்ள சிட்டு,

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. சொன்னால் நம்ப மாட்டாய், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், ஒரே இடத்தில், முழுதாக ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டேன்!

ஒரு நிமிஷம்தானா என்று உதட்டைப் பிதுக்காதே. காரை விட்டுவிட்டால் நிற்கும். இது விட்டுவிட்டால் விழும். நிற்க வைப்பதுதான் இதில் பெரிய வேலை. இடது கை உயரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வாலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வலது கை அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அதைச் சரிக்கட்ட வேண்டும். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெடுகிறது. டாக்டரம்மா ஹெலிகாப்டரின் காலில் இரண்டு குச்சிகளைக் குறுக்காகக் கட்டி, நான்கு நுனியிலும் பிங்பாங் பந்தைச் செருகித் தந்திருக்கிறார். கோணலாக இறங்கினாலும் கவிழாமல் இருக்க அந்த ஏற்பாடு. பார்ப்பதற்குக் குழந்தைக்கு நடைவண்டி கட்டிவிட்ட மாதிரி இருக்கிறது.

அவர் அதட்டுவதே இல்லை. முதல் நாள் நான் ரிமோட்டில் இருக்கும் குச்சியைப் பிடித்து ஆட்டிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "நிறைய பண்றீங்க சார். தள்ளணும்னு நினைங்க, அது போதும், விரல் தானா தள்ளிக்கும்" என்றார். மயக்க ஊசி போடும் குரல். அன்றைக்கு மட்டும் ஆறு பேட்டரி தீரும் வரை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

இன்னொரு ஏற்பாட்டைச் சொன்னால் நீ சிரிப்பாய். அவர் ரிமோட்டையும் என் ரிமோட்டையும் ஒரு ஒயரால் இணைத்துவிடுகிறார். அவர் ரிமோட்டில் ஒரு பொத்தான். அதை அவர் அழுத்திக்கொண்டிருக்கும் வரை ஹெலிகாப்டர் என் பேச்சைக் கேட்கும். விரலை எடுத்தால் அந்த நொடியே அவர் கைக்குப் போய்விடும். பக்கத்து சீட் கிடையாது என்று நீ எழுதினாய். இருக்கிறது. இந்தத் தடவை அதில் உட்கார்ந்திருப்பது நான் இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது ஞாயிறன்று ஒன்று நடந்தது. ஹெலிகாப்டர் வேலிப் பக்கம் நகர்ந்தது. நகர்வதைப் பார்த்தேன். எவ்வளவு தூரம் மிச்சம் என்றும் பார்த்தேன். இதோ திருப்பப் போகிறேன், விரல் தயாராக இருக்கிறது, அதற்குள் அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். என் கையில் இருந்தது வெறும் டப்பா. எனக்கு வந்த கோபம்! "நான் பார்த்துட்டுதான் இருந்தேன்!" என்று கத்தினேன். அங்கே விமானம் விட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரம்மா சாந்தமாக, "சாரி சார், அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

முப்பத்தொரு வருஷத்தில் நான் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை, சிட்டு.

நான் கத்திய வார்த்தைகளை அதே தொனியில் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். யார் சொல்லிக் கேட்டேன் என்று உனக்கும் தெரியும். அன்றைக்கு மேற்கொண்டு பறக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நேற்று உன் அம்மா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவளைக் கோபிக்காதே. நீ கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறாயாம். மாட்டு டாக்டர் வேலையில் நடமாடும் சிகிச்சை வண்டிக்கு உன் பெயரைப் போட்டிருக்கிறார்களாம். மாதக் கடைசிக்குள் லைசன்ஸ் இல்லாவிட்டால் வேறு ஒருவருக்குப் போய்விடுமாம். ஒரு தடவை தேர்வில் நாற்சந்தி நடுவில் வண்டியை அணைத்துவிட்டுத் தோற்றுப்போனாயாம். "அப்பாகிட்ட மட்டும் சொல்லாதம்மா" என்று கேட்டுக்கொண்டாயாம். ஊரில் பாதிப் பேருக்கு லைசன்ஸ் வாங்கிக் கொடுத்தவனிடம் சொந்த மகள் மறைக்கிறாள். நியாயம்தான். நான் கோபப்படவில்லை.

இந்த இடத்தில் நாலு வரி எழுதி அடித்துவிட்டேன். அடித்தது அசிங்கமாகத் தெரிகிறது, வேறு காகிதம் எடுக்கச் சோம்பல். தோண்டிப் பார்க்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிர் அதிகம் என்று அம்மா சொன்னாள்.

அப்பா

*

அன்புள்ள சிட்டு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டே வாக்கியம். "அடித்த வரிகளை விளக்கில் பிடித்துப் பார்த்தேன், தெரியவில்லை. நீங்களே எழுதிவிடுங்கள் அப்பா." ஏழு தடவை படித்தேன்.

எழுதுகிறேன். வளைத்துப் பேசாமல் எழுதுகிறேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பெரிய நாற்சந்தியில் வண்டி நின்றது உன்னால் இல்லை. நான்தான் பிரேக்கை மிதித்தேன்.

நீ திரும்பிக்கொண்டிருந்தாய். வளைவில் லாரி வந்தது. "நான் பார்த்துட்டுதான்பா இருக்கேன்" என்று நீ சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கால் இறங்கிவிட்டது. கிளட்சை மிதிக்க உனக்கு நேரம் ஏது? எஞ்சின் அணைந்தது. லாரி பின் கதவில் இடித்தது. பின்னால் இருந்த உன் அம்மாவின் மணிக்கட்டு உடைந்தது. இன்றைக்கும் அவளால் ஒரு ஜாடி மூடியை முழுதாகத் திருகித் திறக்க முடியாது.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ கேட்டாய். "அப்பா, நீங்க பிரேக் போட்டீங்களா?" அழுதுகொண்டே கேட்கவில்லை. தெளிவாகக் கேட்டாய். "நீதான் பயந்து வண்டியை அணைச்சுட்டே" என்றேன். டிரைவிங் ஸ்கூல்காரன் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? நீயே சந்தேகப்படவில்லை. அப்புறம் நீ ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. உன்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் கூட, "எனக்குக் கார் ஓட்ட வராது, அம்மா கையை உடைச்சவ நான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

முதலில் எனக்கே நிச்சயமாகத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அவசரத்தில் யார் கால் எங்கே இருந்தது என்று யார் கண்டார்கள் என்று. அது பொய். என் கால் எங்கே இருந்தது என்று என் காலுக்குத் தெரியும்.

போன திங்கட்கிழமை அந்த நாற்சந்திக்குப் போனேன். பெட்டிக்கடை ஓரம் நின்று எண்ணிப் பார்த்தேன். வளைவில் லாரி கண்ணில் பட்டதிலிருந்து சந்திக்கு வந்து சேர எட்டு எண்ணலாம். ஒரு கார் திரும்பி முடிக்க நாலு எண்ணினால் போதும். பத்துப் பன்னிரண்டு லாரிக்கு எண்ணினேன். கடைக்காரர் என்னை ஏதோ கணக்கெடுக்க வந்த அரசாங்க ஆள் என்று நினைத்து ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். உனக்கு நேரம் இருந்தது, சிட்டு. தாராளமாக இருந்தது. நீ ஒழுங்காகத்தான் ஓட்டினாய்.

வீட்டுக்கு வந்து முதலில் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்ததை மடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "என் கை போனது போகட்டும். அவ கையை எதுக்குங்க இத்தனை வருஷம் கட்டிப்போட்டீங்க?" என்றாள். இரண்டு நாள் என் தட்டை மேஜையில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். மூன்றாம் நாள், "அவளுக்கு எழுதிட்டீங்களா?" என்றாள். அது ஒன்றுதான் கேட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு சீக்கிரம் வருகிறது. நானாக எழுதியிருப்பேனா என்று கேட்டால், எழுதியிருப்பேன் என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது. நேற்று ஞாயிறு. ஹெலிகாப்டரின் மூக்கு என்னைப் பார்த்து இருக்கும்படி நிறுத்தப் பழகினோம். அப்படித் திரும்பிவிட்டால் அதன் இடது நமக்கு வலது. பழகிய கை முழுக்கத் தப்பாகத்தான் போகும். "வெளிய நின்னு பார்க்காதீங்க சார், உள்ள உட்கார்ந்திருக்கிறதா நினைச்சுக்கோங்க" என்றார் டாக்டரம்மா. நினைத்துப் பார்த்தேன். கொஞ்சம் பிடிபட்டது. பிடிபட்ட சந்தோஷத்தில் கை தடுமாறி, அது நேராக என்னை நோக்கி வந்து, பத்தடி முன்னால் தரையில் குத்தி உருண்டது. இரண்டு இறக்கையும் போச்சு. ஒரு பிங்பாங் பந்து எங்கே போனதென்றே தெரியவில்லை.

அவர் விரல் கடைசி வரை பொத்தானை விட்டு எழவே இல்லை. பார்த்துக்கொண்டே நின்றார். "ஏன் டாக்டர், எடுத்திருக்கலாமே?" என்றேன். "எடுத்திருக்கலாம். நீங்க கீழ இறக்கப் பார்த்தீங்க. சரியாத்தான் பண்ணீங்க, கொஞ்சம் லேட். இறக்கை கடையில கிடைக்கும் சார்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார். நானும் பொறுக்கினேன். கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொன்னேன். பல் டாக்டரிடம் பொய் சொல்வது கஷ்டம். முகத்துக்குப் பக்கத்திலேயே இருந்து பழகியவர்கள்.

மத்தியானம் புது இறக்கை மாட்டி மறுபடி கிளப்பினேன். மூக்கு என்னைப் பார்க்க, இருபது நொடி நின்றது. உன் அம்மாவும் மைதானத்துக்கு வந்திருந்தாள். கை தட்டவில்லை. ஆனால் பிளாஸ்கிலிருந்து எனக்கும் ஒரு டீ ஊற்றினாள்.

உன் தேர்வு வியாழக்கிழமை என்று அவள் சொன்னாள். எனக்குத் தெரிந்த ஆயிரம் குறிப்பும் நாக்கின் நுனியில் நிற்கின்றன. ஒன்றைக்கூட எழுதப் போவதில்லை. நீ பார்த்துக்கொள்வாய். போன தடவை வண்டி அணைந்தது உனக்கு வராததால் இல்லை. வராது என்று நான் சொல்லி வைத்ததால். அதை அந்த நாற்சந்தியிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போ, அம்மா. அது என் மூட்டை.

மன்னித்துவிடு என்று எழுத ஆசை. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு வார்த்தை போதாது, அதனால் அதை உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இன்று காலை மெக்கானிக்கை வரவழைத்தேன். வாசலில் உறை போட்டு நிற்கிறதே நம் பழைய கார், பின் கதவு மட்டும் நிறம் கொஞ்சம் வேறாக, அதில் என் பக்கத்துப் பெடல்களைக் கழற்றச் சொன்னேன். "ஸ்கூலையே குடுத்துட்டீங்க, இது இருந்தா என்ன சார்?" என்றார். கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். உடைந்த இறக்கைகள் இருக்கும் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

லீவில் நீ வரும்போது ஸ்டேஷனுக்கு அந்தக் காரைக் கொண்டு வருகிறேன். அங்கிருந்து வீட்டுக்கு நீ ஓட்டு. அந்த நாற்சந்தி வழியாகவே ஓட்டு. அம்மா முன்னால் உட்காருவாள். நான் உனக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். அங்கிருந்து எனக்குச் சாலை தெரியாது. உன் பின்தலை மட்டும்தான் தெரியும். எனக்கு அது போதும்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

அப்பா