இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வாசகரை மூடும் நிரல் தொடர்பாக

அனுப்புநர்:
இ. ராமசெல்வி,
பணி நிறைவு பெற்ற கணக்கு ஆசிரியை,
14/2, படகுக்காரர் இரண்டாம் தெரு,
திருவொற்றியூர், சென்னை – 600 019.

பெறுநர்:
செயல் அலுவலர் அவர்கள்,
வடகரைப் பொதுப் படிப்பகங்கள் அலுவலகம்,
இராயபுரம், சென்னை – 600 013.

பொருள்: படகுக்காரர் தெருப் படிப்பகக் கணினியில், வாசகர் கணக்கில் ஓடும் அனைத்தையும் அலுவலகக் கணக்கிலிருந்து தானாக மூடும் நிரலைத் திருத்த வேண்டுதல் – சார்பு.

பார்வை: 1. எனது அஞ்சல் மனு, நாள்: 03.10.2025.
2. எனது இணையவழி மனு, நாள்: 11.10.2025.
3. மேற்படி மனு முடித்து வைக்கப்பட்டதாகத் தங்கள் அலுவலகம் அனுப்பிய குறுஞ்செய்தி, நாள்: 17.10.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்திவிட்டு, இப்போது எங்கள் தெருப் படிப்பகத்தில் விண்ணப்பம் நிரப்ப வருவோருக்கு உதவியாக இருக்கிறேன். இந்த மனுவைக் கையால் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யாத காரணம் ஐந்தாம் பத்தியில் தங்களுக்கே விளங்கும்.

1. படிப்பகத்தில் கணினி ஒன்று. அதில் 'அலுவலகம்', 'வாசகர்' என இரண்டு கணக்குகள். ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் என்று கொள்ளலாம். பொறுப்பாளர் திருமதி பூமாரி அலுவலகக் கணக்கில் நுழைந்து மாத அறிக்கை அனுப்புவார். பொதுமக்களாகிய நாங்கள் அனைவரும் வாசகர் கணக்கில் அடக்கம். ஒரு குடித்தனத்தில் ஓடும் மின்விசிறியை மற்றக் குடித்தனத்தார் நிறுத்த முடியாது. ஆனால் மெயின் சுவிட்ச் அலுவலகக் குடித்தனத்தில் இருக்கிறது.

2. குறை முதலில் எங்களுடையதுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பேருந்தில் ஜன்னல் வழியே கைக்குட்டை போட்டு இடம் பிடித்துப் பழகிய பகுதி இது. அதே வழக்கம் கணினி நாற்காலிக்கும் வந்துவிட்டது. நாள்தோறும் வரும் ஜஹாங்கீர் பாய் செய்தித்தளம் நான்கு, சதுரங்க விளையாட்டு ஒன்று, கடல் வானிலைப் படம் ஒன்று எனத் திறந்து வைத்துவிட்டு, நாற்காலியில் கைக்குட்டையை விரித்து, டோல்கேட் பக்கம் தேநீருக்குப் போய்விடுவார். திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும். அத்தனையும் பின்னால் ஓடிக்கொண்டிருக்க, திருமதி பூமாரியின் மாத அறிக்கை நகராது. ஒவ்வொன்றாகத் தேடி மூடுவதிலேயே அவருக்கு அரைநாள் போயிற்று. அவர் தீர்வு கேட்டது நியாயமே.

3. தீர்வாக, ஒப்பந்தக் கணினிப் பணியாளர் திரு. ஜெஸ்வின் ஆறு வரியில் ஒரு நிரல் எழுதினார். அலுவலகக் கணக்கிலிருந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அது தானாக எழுந்து, வாசகர் பெயரில் ஓடுவது எதுவாயினும், சேமிக்கவா என்றுகூடக் கேளாமல் மூடிவிடும். காலை 10.00, 10.20, 10.40 என்று, நான் பணியாற்றிய எந்தப் பள்ளியின் மணியும் அடிக்காத ஒழுங்கோடு அது நடக்கிறது. செப்டம்பர் மாத அறிக்கையில் "பயன்பாட்டில் இல்லாதவை 624 முறை வெற்றிகரமாக மூடப்பட்டன" என்று பதிவாகியிருப்பதைத் தங்கள் அலுவலகம் பாராட்டியிருப்பதாக அறிந்தேன். பயன்பாட்டில் இல்லாதவை என்பதை யார் பார்த்தார்கள் என்று திரு. ஜெஸ்வினைக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "டீச்சர், ஆளு குந்திகினு கீறாரா, டீ குடிக்கப் போய்ட்டாரான்னு அதுக்கு இன்னா தெரியும்? வாசகர் பேர்ல எது ஓடுதோ அத்த மூடும். அவ்ளோதான்."

ஜஹாங்கீர் பாய்க்கு இதனால் இழப்பு எதுவும் இல்லை என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். "கர்ச்சீப் போட்டுகினு தானே போனேன், எவன்மா மூடினான்?" என்று ஒருமுறை கேட்பார். பிறகு எல்லாவற்றையும் இரண்டு நிமிடத்தில் திறந்துகொள்வார். எழுந்து போகிறவருக்கு இந்த நிரலால் துன்பம் இல்லை. எழாமல் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கே துன்பம்.

4. அப்படி உட்கார்ந்திருப்பவர் செல்வி இஷ்ரத். எண்ணூரில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் சரக்குச் சீட்டு ஒட்டும் வேலை செய்கிறார். தாயார் அஜீசுன்னிசாவை அவர் காலமாகும்வரை மூன்று ஆண்டுகள் டயாலிசிஸுக்கு அழைத்துச் சென்றவர். இயந்திரத்தின் ஓசை சற்று மாறினாலும் செவிலியருக்கு முன்பே எழுந்து நிற்பாராம். இப்போது டயாலிசிஸ் உதவியாளர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறார். வயது வரம்பு 32. வரும் நவம்பரில் அவருக்கு 32 முடிகிறது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் 29.10.2025, மாலை 5 மணி. அடுத்த ஆண்டு என்று ஒன்று அவருக்கு இல்லை.

வெளியே ஒரு கணினி மையத்துக்குப் போகலாமே என்று தாங்கள் நினைக்கலாம். சென்ற ஆண்டு போனார். அங்கே நாற்காலியை நமக்குத் தருவதில்லை, அவர்களே தட்டச்சு செய்வார்கள். 1993 என்ற பிறந்த ஆண்டை 1983 என்று தட்டி அனுப்பிவிட்டார்கள். பத்து வயது கூடிப்போய் விண்ணப்பம் தள்ளுபடியானது. எனவே இம்முறை தம் கையாலேயே நிரப்புவது என்று உறுதியாக இருக்கிறார். கைப்பேசியில் முயன்றோம், கையொப்பப் படத்தை அது ஏற்கவில்லை. என் வீட்டில் கணினி இல்லை.

5. அந்த விண்ணப்பம் ஏழு பக்கம். கடைசிப் பக்கத்தில் பொத்தானை அழுத்தும்வரை எதுவும் சேமிக்கப்படாது. பக்கம் பக்கமாக நேரம் குறித்துக் கூட்டிப் பார்த்ததில், நாங்கள் எவ்வளவு விரைந்தும் 34 நிமிடத்துக்குக் குறையவில்லை. இருபதுக்குள் முப்பத்து நான்கு அடங்காது. இதை ஐந்தாம் வகுப்பிலேயே நடத்திவிடுகிறோம். ஆயினும் செல்வி இஷ்ரத் கிடங்கில் அரைநாள் விடுப்பு எடுத்து இதுவரை ஐந்து முறை முயன்றிருக்கிறார். ஐந்தாம் முறை சான்றிதழ்களை எல்லாம் முன்பே ஏற்ற அளவுக்குச் சுருக்கி வைத்துக்கொண்டு 10.01க்குத் தொடங்கினார். ஆறாம் பக்கத்தைத் தொட்டபோது மணி 10.20. திரையில் மிஞ்சியது படிப்பகத்தின் கலங்கரை விளக்கப் படம் மட்டும். அழவில்லை. "நான் இங்க தானே டீச்சர் குந்தினு கீறேன். என்னியப் பார்த்தா ஜஹாங்கீர் பாய் மாறியா கீது அதுக்கு?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அக்டோபர் மாத அறிக்கையில் இந்த ஐந்தும் வெற்றி என்றே பதிவாகும்.

பார்வை 2இல் கண்ட எனது மனுவும் அந்தக் கணினியில் தட்டச்சு செய்யப்பட்டதே. இரண்டு முறை பாதியில் மூடப்பட்டது. மூன்றாம் முறை, தாளில் எழுதி வைத்துக்கொண்டு பதினெட்டே நிமிடத்தில் அடித்து முடித்தேன். எழுத்துப் பிழைகள் இருந்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

6. அம்மனுவின் பேரில் தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் ஆய்வுக்கு வந்து சென்றதாக அறிகிறேன். அவர் வந்தது படிப்பகத்தின் வார விடுமுறை நாளில். வாசகர் ஒருவரும் இல்லாத அறையில், அலுவலகக் கணக்கில் நுழைந்து பார்த்தபோது கணினி மிகச் சிறப்பாக இயங்கியிருக்கிறது. "கணினி நல்ல நிலையில் உள்ளது. மனு முடித்து வைக்கப்பட்டது" என்று எனக்குக் குறுஞ்செய்தி வந்தது. என் பெயரில் நான் திறந்த மனுவை, நான் இருக்கிறேனா என்று பாராமல், வேறொரு பெயரிலிருந்து மூட முடியும் என்பதை அன்று கண்டேன். செல்வி இஷ்ரத்தின் நிலையை எனக்கு இதைவிடத் தெளிவாக யாராலும் விளக்கியிருக்க முடியாது. அதற்காகத் தங்கள் அலுவலகத்துக்கு நன்றி.

7. நிரலை நீக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. தேர்வறையில் விடைத்தாளை வாங்கத்தான் வேண்டும். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு முன் ஒரு மணி அடிப்போம். கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட்டை மூடத்தான் வேண்டும். ஆனால் தண்டவாளத்தில் யாராவது நிற்கிறார்களா என்று கேட் கீப்பர் எட்டிப் பார்ப்பார். இவ்விரண்டையும் கணினி செய்யுமா என்று திரு. ஜெஸ்வினிடம் மீண்டும் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "செய்யும் டீச்சர். கீபோர்டைத் தொட்டு எவ்ளோ நேரம் ஆச்சுன்னு கேட்டா அதுவே சொல்லும். நம்மள தான் யாரும் அத்த கேக்கச் சொல்லல" என்றார். இரண்டு வரி சேர்த்தால் போதுமாம். ஆனால் ஆறு வரிக்குத் தங்கள் அலுவலக ஒப்புதல் பெறப்பட்டுவிட்டதால், எட்டு வரியாக்கவும் தங்கள் உத்தரவு வேண்டுமாம். திருமதி பூமாரியும் அதையே சொல்கிறார். இருவரும் நல்லவர்கள். உத்தரவு வந்த அன்றே செய்துவிடுவார்கள்.

எனவே, கீபோர்டு பதினைந்து நிமிடம் தொடப்படாமல் இருந்தால் மட்டும் மூடவும், மூடுவதற்கு ஐந்து நிமிடம் முன்பு திரையில் அறிவிக்கவும் நிரலைத் திருத்த உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதற்குக் காலம் தேவைப்படின், 28.10.2025 செவ்வாய் அன்று காலை 10 மணி முதல் 11 மணி வரையாவது அதை நிறுத்தி வைக்க வாய்மொழியாகச் சொன்னால் போதும்.

அன்று காலை 10.01க்கு செல்வி இஷ்ரத் அந்த நாற்காலியில் இருப்பார். கிடங்கில் அவருக்கு மிஞ்சியுள்ள கடைசி அரைநாள் விடுப்பு அது. நான் பக்கத்தில் இருப்பேன். ஜஹாங்கீர் பாய் அன்று தேநீரைத் தள்ளிப்போட்டு, எங்களுக்காக மணி பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். தங்களிடமிருந்து கடிதமோ குறுஞ்செய்தியோ வர நாட்கள் போதாது என்பதை அறிவேன். 10.20க்குத் திரையில் என்ன இருக்கிறதோ, அதையே தங்கள் பதிலாக ஏற்றுக்கொள்வோம்.

இடம்: திருவொற்றியூர்
நாள்: 24.10.2025

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
இ. ராமசெல்வி

இணைப்பு: ஐந்து முயற்சிகளின் தேதியும் நிமிடமும் குறித்த தாள் – 1.
நகல்: திருமதி பூமாரி, படிப்பகப் பொறுப்பாளர் (தாமே கேட்டு வாங்கிக்கொண்டார்).