சூளையோரம் காய்ந்த தோல் ஜாக்கெட்

நவம்பர் 3, திங்கள்

காலை ஏழேகாலுக்கு இனியா கிளம்பினாள். தலையில் ஹெல்மெட், கையில் கிளவுஸ், உடம்பில் அந்தக் கருப்புத் தோல் ஜாக்கெட். மூன்று கிலோ இருக்கும். விருத்தாசலத்து வெயிலுக்கு மெல்லிய சட்டையே பாரமாக இருக்கும்போது என் மகள் மட்டும் சண்டைக்குப் போகிறவள் போல் போகிறாள். தெருவில் எல்லாக் கண்ணும் அவள் மேல்தான்.

சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வருகிறாள். ஆகஸ்டில் சேத்தியாத்தோப்பு தாண்டிச் சறுக்கி விழுந்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உரிந்து வந்தாள். இத்தோடு வண்டியை விற்றுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் போய் ஜாக்கெட் வாங்கினாள். "அடுத்த தடவ என் தோலுக்குப் பதிலா இது தேயும்மா" என்றாள். நல்ல சமாதானம்.

மாட்டுத்தோலைச் சாமி படம் இருக்கிற அறையில் மாட்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பின்தாழ்வாரத்துக் கொடியில் தொங்குகிறது. இந்த வீட்டில் என் பேச்சு அந்த அளவுக்குத்தான் எடுபடுகிறது.

நவம்பர் 6, வியாழன்

வண்டியை விற்றுவிடு என்றேன். ஒருநாள் என்னோடு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து பார் என்றாள்.

நவம்பர் 11, செவ்வாய்

லேபிலிருந்து மூன்று நாள் பயிற்சி என்று நேற்று புதுச்சேரிக்கு பஸ்ஸில் போனாள். இன்று முழுக்க மழை. சாயங்காலம் வேலையிலிருந்து வந்து பார்த்தால், சாரல் அடித்து ஜாக்கெட் தொப்பலாக நனைந்திருக்கிறது. தூக்கவே முடியவில்லை. தண்ணீர் சொட்டுகிறது. உள்ளே மாட்டியிருந்தால் நனைந்திருக்குமா? வெளியே மாட்டச் சொன்ன புண்ணியவதி யார்?

வெள்ளிக்கிழமை வந்துவிடுவாள். அதற்குள் காய வேண்டும்.

நவம்பர் 12, புதன்

கோணியில் சுற்றிக் கம்பெனிக்கு எடுத்துப் போனேன். பதினெட்டு வருடமாகப் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் இருக்கிறேன். அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைக்குப் பிசிறு வழித்து, பஞ்சால் துடைத்து, பலகையில் அடுக்கிச் சூளைக்குப் பக்கத்தில் காயவைப்பது என் வேலை. மழைக்காலம் வந்தால் எங்கள் எல்லோருக்கும் அந்தச் சூளையோரம்தான் வெயில். பிள்ளைகளின் யூனிபாரம், ஷூ, போர்வை எல்லாம் அங்கே வரும். கூடப் பிசிறு வழிக்கிற தனக்கோடி ஒரு தடவை வடகம்கூடப் போட்டாள். இதற்கெல்லாம் யாரும் யோசிப்பதில்லை.

இன்று சூளை பார்க்கிற ஜெயராஜ் நெருப்பு ஏற்றுகிற நாள். சூளையோரத்து மேல்தட்டில் ஜாக்கெட்டை நன்றாக விரித்துப் போட்டுவிட்டு வந்தேன். மண்ணே காய்கிற இடத்தில் தோல் காயாதா?

நவம்பர் 13, வியாழன்

காய்ந்தது. ஐயோ.

கை மடங்கவே இல்லை. அழுத்தி மடக்கினேன், அப்பளம் உடைகிற சத்தம். இரண்டு முழங்கையிலும் குறுக்கே வெடிப்பு. தோள்பட்டை சுருங்கி இழுத்துக்கொண்டு நிற்கிறது. ஜெயராஜ் தொட்டுப் பார்த்தான். "என்னக்கா, ஈரத்தோல இந்தச் சூட்டுல போட்டா கருவாடாயிடாதா? ஒரு வார்த்த கேக்கக்கூடாதா?" கேக்கலையே. பதினெட்டு வருசமா எல்லாத்தையும் அங்கதான் காயவெக்கிறேன், இதுக்குன்னு தனியா யாரைக் கேப்பேன்?

தேங்காய் எண்ணெய் தடவு என்றாள் தனக்கோடி. ஒரு கிண்ணம் எண்ணெயைக் குடித்த பிறகு கொஞ்சம் இளகியது. வெடிப்பு போகவில்லை. கருப்பு பாலிஷ் வாங்கி அப்பித் தேய்த்தேன். இப்போது வெடிப்பு தெரியவில்லை. புதிதைவிடப் பளபளப்பாக இருக்கிறது. மறுபடி கொடியில் மாட்டிவிட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

வந்ததும் கொடியைப் பார்த்தாள். பாலிஷ் போட்டியா என்று கேட்டாள். தலையாட்டினேன். "நீ இதக் கையால தொட்டதே பெருசும்மா" என்று என் தோளில் கை போட்டுக்கொண்டாள். ஆகஸ்டுக்குப் பிறகு அவள் என்னைத் தொட்டது இன்றுதான். சொல்ல வாயெடுத்தேன். கையை எடுத்துவிடுவாளே என்று இருந்தது. சொல்லவில்லை.

நவம்பர் 15, சனி

போட்டுக்கொண்டு போனாள். வரும்வரை வாசலில் நின்றேன்.

நவம்பர் 17, திங்கள்

எப்போதும் ஏழுக்கு வருகிறவள் இன்று ஏழு இருபதுக்கு வந்தாள். அந்த இருபது நிமிடத்தில் நான் நினைக்காதது எதுவும் பாக்கி இல்லை.

ஜாக்கெட் தோளில் பிடிக்கிறதாம். குண்டாகிவிட்டேனா என்று என்னையே கேட்கிறாள். சோறு வேண்டாம் என்று இரண்டு வாழைப்பழத்தோடு எழுந்துவிட்டாள். நான் கெடுத்ததற்கு அவள் பட்டினி. எனக்கு மட்டும் சோறு எப்படி இறங்கியது என்று தெரியவில்லை, ஆனால் இறங்கியது.

நவம்பர் 19, புதன்

ஞாயிற்றுக்கிழமை இனியாவும் அவளுடைய வண்டிக் கூட்டாளிகளும் கல்வராயன் மலைக்குப் போகிறார்களாம். எட்டு வண்டி. வேப்பூரில் எல்லோரும் கூடி, அங்கிருந்து பெரிய ரோட்டில் ஏறி, பிறகு மலைப்பாதை. பெரிய ரோட்டில் லாரி எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாதா? போகாதே என்றால், இதுதான் வழக்கமாகப் பாடுகிற பாட்டு என்பாள். உண்மையான காரணத்தைச் சொன்னால்?

ஜாக்கெட்டின் இடுப்பில் இருக்கிற பட்டை இன்று அறுந்து கையோடு வந்ததாம். குப்பையில் போட்டாள்.

நவம்பர் 20, வியாழன்

அந்தப் பட்டையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். வெந்த பொம்மைக்கு அடிப்பாகம் தேய்க்கிற கல் அங்கே இருக்கிறது. பட்டையை அதில் வைத்து நான்கு இழு இழுத்தேன். நாலே இழு. பிஸ்கெட் போல உதிர்ந்தது. தேய்ந்தது தோலா, என் பிள்ளையின் கையா? ரோட்டில் விழுந்தால் இது நிற்காது. இதைப் போட்டிருக்கிற தைரியத்தில் அவள் வேகமாக வேறு போவாள்.

இனி எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ள முடியாது.

நவம்பர் 22, சனி

உரக்கடையிலிருந்து அவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். என் வீட்டுக்காரர் ஆதிநாராயணன் ஒரு வார்த்தை பேசுவதற்குள் டீ ஆறிவிடும். இன்று உடனே பேசினார். இனியா நான் வேண்டுமென்றே கெடுத்ததாகத்தான் நினைப்பாள் என்றார். நீங்களாவது நம்புகிறீர்களா என்று கேட்டேன். "மொதல்ல எனக்கும் அப்படித்தான் தோணுச்சு" என்றார்.

இருபத்தாறு வருசம் கூட இருந்த மனுசனுக்கே அப்படித் தோணுதுன்னா, அவளுக்கு என்ன தோணும்? வண்டியப் பாத்தாலே கரிச்சுக் கொட்டுறவ நான்தான. யார் நம்புவாங்க?

காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறாள்.

நவம்பர் 23, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அவள் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். ஜாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நின்றேன். வாய் வரவில்லை. முழங்கையை மடக்கி, பாலிஷுக்கு அடியில் இருந்த வெடிப்பை விரலால் பிளந்து காட்டினேன். பிறகு மழை, சூளை, எண்ணெய், கல்லில் தேய்த்தது எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வாய் கொப்பளித்தாள்.

வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. "ஏழு நாளு இத மாட்டிக்கிட்டு ரோட்டுல போனேன். நீ வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்த" என்றாள். அவ்வளவுதான்.

ஜாக்கெட்டைத் தரையில் போட்டுவிட்டு வெறும் சுடிதாரோடு வண்டியை எடுத்தாள். குறுக்கே போய் நின்றேன். விலகும்மா என்று மெதுவாகத்தான் சொன்னாள். விலகினேன். ஏன் விலகினேன்?

7.10. போன் எடுக்கவில்லை.

8.00. எடுக்கவில்லை. அவர் வேப்பூருக்குப் போய்ப் பார்க்கிறேன் என்று பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார்.

8.25. வண்டிச் சத்தம். அவள்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. கூட்டத்தை நடத்துகிற பாண்டியன், ஜாக்கெட் இல்லாமல் யாரையும் மலை ஏற விடமாட்டேன் என்று வேப்பூரிலேயே திருப்பி அனுப்பிவிட்டாராம். முகம் தெரியாத அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டுத் திரும்பி வரச் சொன்னேன். சாயங்காலம் இனியா பையில் துணி எடுத்து வைத்தாள். கூட வேலை பார்க்கிற காவியா சிதம்பரத்தில் அறை எடுத்திருக்கிறாள், கொஞ்ச நாள் அங்கே இருக்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னாள். என்னிடம் போயிட்டு வரேன் என்றாள். பஸ்ஸில்தான் போனாள்.

நவம்பர் 28, வெள்ளி

வண்டி வாசலில் நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியநாயகி, ஒருவழியாக நீ நினைத்தது நடந்துவிட்டது என்கிறாள். ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

டிசம்பர் 4, வியாழன்

அப்பாவுக்குப் போன் பண்ணுகிறாள். அம்மா சாப்பிட்டாங்களா என்று கேட்டாளாம். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். போனை என் பக்கம் நீட்டினார். அதற்குள் வைத்துவிட்டாள்.

டிசம்பர் 9, செவ்வாய்

காலை ஆறரைக்கு என் போன் அடித்தது. இனியா. எடுத்தேன், சத்தமே இல்லை. என்னடி, உடம்புக்கு என்ன என்று பதறினேன்.

"லேபுல ரெண்டு பேரோட ரிசல்ட்ட மாத்திக் குடுத்துட்டேம்மா. மூணு நாளாச்சு. இன்னும் யாருக்கும் தெரியல" என்றாள். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே மூன்று நாள் போய்விட்டதாம். அந்த இரண்டு பேரில் ஒருத்தர் வயதானவராம்.

பிறகு கேட்டாள். "அன்னிக்கு நீ எப்படிம்மா சொன்ன?"

என்ன தைரியம் இருந்தது என்னிடம்? "நடுங்கிக்கிட்டேதான் வந்தேன். வாயே வரல. கையில இருந்தத மொதல்ல காட்டிட்டேன். பேச்சு அதுக்கப்புறந்தான் வந்துது" என்றேன். அந்த இரண்டு ரிப்போர்ட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

வேலையில் ஒன்றும் ஓடவில்லை. இரண்டு பொம்மையின் காதை வழித்து எடுத்துவிட்டேன். பதினொன்றரைக்கு மண் கையோடு போனைப் பார்த்தேன், இனியாவிடமிருந்து மெசேஜ். சொல்லிவிட்டாளாம். ரொம்பத் திட்டினார்களாம். அந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு மறுபடி ரத்தம் எடுக்கிறார்களாம். கடைசியில், சாயங்காலம் வூட்டுக்கு வரேன் என்று போட்டிருந்தாள்.

அப்படியே பலகைமேல் உட்கார்ந்துவிட்டேன். என்னடி ஆச்சு என்றாள் தனக்கோடி. ஒன்றுமில்லை, இனியா வருகிறாள் என்றேன்.