மருந்து என்று எழுதிய பலகை

அஞ்சலை என் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துச் செத்தாள். அது உங்களுக்குத் தெரியும். அதைக் கண்டுபிடித்ததே நீங்கள்தான். ஆனால் அதில் ஒரு பகுதியை உங்களிடம் சொல்லாமல் விட்டேன். போன மாதம் நீங்கள் கோலாலம்பூரில் காலமான செய்தி வந்தது. இனி யாரிடம் சொல்வது என்று இருந்தேன். இன்று காலை, நீங்கள் தங்கியிருந்த மாடி அறையின் அலமாரியை நகர்த்தியபோது பின்னால் ஒரு காகிதப் பொட்டலம் கிடந்தது. மேலே உங்கள் கையெழுத்தில் ‘கடைக்காரர், இடது கை’ என்று இருந்தது. உள்ளே என் நகங்கள். மஞ்சளாகி, குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்து, நீங்கள் வெட்டி எடுத்த வடிவிலேயே இருந்தன. அந்தப் பொட்டலத்தை வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு நீங்கள் வந்தீர்கள். தானா ராத்தா டவுனிலிருந்து ஒரு காய்கறி லோரியில், டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து. துணிப்பெட்டி ஒன்று; மற்றதெல்லாம் போத்தல்கள். பல்கலைக்கழகத்தில் தண்ணீரை ஆராய்ச்சி செய்கிறவர் என்று சொன்னீர்கள். நிலத்தடித் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது, அதைக் குடிக்கிற உடம்புக்கு என்ன ஆகிறது, அதுதான் உங்கள் வேலை. எனக்குப் பாதிதான் புரிந்தது. மூன்று மாத வாடகையை முன்பணமாகக் கொடுக்கிறவரை நான் ஏன் கேள்வி கேட்க வேண்டும்? தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஜனங்கள் ஒரே வாரத்தில் உங்களுக்குத் ‘தண்ணி டீச்சர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

தண்ணீரைக் கொடுத்தவர்கள், உடம்பில் என்ன சேர்ந்திருக்கிறது என்று பார்க்க நீங்கள் கேட்ட நகத்தைக் கொடுக்க மறுத்தார்கள். நகத்தையும் முடியையும் வெளியாள் கையில் கொடுத்தால் செய்வினை வைத்துவிடுவார்கள் என்ற பயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில், எல்லாரும் பார்க்க, நான் கையை நீட்டினேன். உங்களுக்கு உதவ வேண்டும் என்பது மட்டும் காரணமில்லை. கூட்டம் நின்றால் வியாபாரம் நடக்கும். எனக்கு அடுத்ததாக வந்தவள் அஞ்சலை. கொழுந்து எடுக்கிறவர்களில் அவள் கைதான் வேகம், வாய் அதைவிட வேகம்.

“எங்க வீட்டுக்காரர் நகத்தையும் எடுத்துக்குங்க டீச்சர். செய்வினை வச்சாலும் பரவால்ல லா, அந்தாளு குடிய விட்டா போதும்.”

எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் சிரிக்காமல் அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தீர்கள். சின்னச் சின்ன முடிச்சுகள், சோளத்தை ஒட்டவைத்த மாதிரி. கொழுந்து எடுத்துக் காய்ச்சுப்போனது என்றாள் அவள். “உள்ளங்கால்லயும் இருக்கா?” என்று கேட்டீர்கள். அங்கேயும் இருந்தது. இடது காலில் ஆறாத புண் ஒன்றும் இருந்தது. காலால் யாரும் கொழுந்து எடுப்பதில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்தக் கிணற்றின் கதையை உங்களுக்கு நான் சொன்னது குறைவு. கடை இருக்கும் துண்டு நிலத்தை எஸ்டேட் அலுவலகம் எனக்கு மலிவாகத் தந்தது. முன்பு அங்கேதான் மருந்து ஸ்டோர் இருந்தது. லாலாங் புல்லைக் கருக்குகிற மருந்தை அங்கேதான் கலக்குவார்கள், மருந்து வரும் பீப்பாய்களான தோம்புகளை அங்கேதான் கழுவுவார்கள். துரை மாறி, மருந்து மாறி, ஸ்டோரும் இடம் மாறியது. ஏன் இவ்வளவு மலிவு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் விலை ஏறும் என்பதுதான் எனக்குத் தெரிந்த தொழில். அங்கே கிணறு வெட்டினேன். மழைக்காலத்தில் லயத்துக் குழாயில் செம்மண் தண்ணீர் வரும். என் கிணற்றில் கண்ணாடி மாதிரி வரும். தண்ணீருக்கு நான் காசு வாங்கியதில்லை. தண்ணீருக்கு வந்தவர்கள் சாமான் வாங்காமல் போனதுமில்லை. பத்து வருடத்துக்கு மேல் அப்படி ஓடியது.

பரிசோதனை முடிவு வந்த அன்று நீங்கள் காலைப் பசியாறக்கூட இல்லை. “இதுல ஆர்செனிக் இருக்கு. நிறைய இருக்கு” என்றீர்கள்.

“காய்ச்சிக் குடிக்கச் சொல்லிருவோம் டீச்சர்.”

“காய்ச்சினா கிருமி சாகும். இது சாகாது, தண்ணிதான் குறையும்.”

“தண்ணி தெளிவாத்தானே இருக்கு?”

“தெளிவு வேற, சுத்தம் வேற.”

கிணற்றில் ஒரு பலகை மாட்டச் சொன்னீர்கள், விஷம் என்று. மறு பரிசோதனைக்கும் அதிகாரிகளைப் பார்க்கவும் இரண்டு வாரம் மலையிலிருந்து கீழே போகவேண்டியிருந்தது உங்களுக்கு. நான் பேரம் பேசினேன். “விஷம்னு போட்டா என் கடையக் கொளுத்திடுவாங்க. மருந்துன்னு போடுவோம். தோட்டத்துல மருந்துன்னா அடிக்கிற மருந்துதான். சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.” நீங்கள் டவுனில் வளர்ந்தவர். இந்த ஜனங்களின் பேச்சு உங்களைவிட எனக்குத்தான் தெரியும் என்று நம்பி ஒத்துக்கொண்டீர்கள். ‘இந்தத் தண்ணீரில் மருந்து கலந்துள்ளது’ என்று நானே பெயிண்டால் எழுதினேன். அந்தச் சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். சாமான் விற்கிறவனுக்குச் சொல்லின் எடை தெரியாமல் இருக்காது.

மருந்து அடிக்கிற ஆண்கள் பலகையைப் பார்த்து ஒதுங்கினார்கள். மூன்றாம் நாள் அஞ்சலை இரண்டு வாளியோடு வந்தாள்.

“என்னா மொதலாளி, இத்தன வருசமா மருந்துத் தண்ணிய வச்சிக்கிட்டு ஒரு வார்த்த சொல்லலியே?”

என் வாயில் பதில் இருந்தது. அவளுக்குப் பின்னால் தோட்டத்தின் அடுத்த டிவிஷன் பெண்கள் ஐந்தாறு பேர், போகிற வழியில் பிஸ்கட்டும் மண்ணெண்ணெயும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நான் சொன்னது இதுதான்:

“அளவா குடி, அஞ்சலை.”

“மருந்துன்னா அளவாத்தானே குடிக்கணும்” என்றாள். காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர் என்று அவளே அளவு வைத்துக்கொண்டாள். புண்ணையும் அதிலேயே கழுவினாள். புண்ணைக் காட்டச் சொல்லி தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு நீங்கள் அவளிடம் கொடுத்துவிட்டுப் போன கடிதம் அவள் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இருக்கும்போது ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு யார் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்?

நீங்கள் திரும்பி வந்தபோது கிணற்றடியில் வரிசை நின்றது. பலகையை ஒரு தடவை படித்தீர்கள். வரிசையைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

“எப்போலேர்ந்து வர்றாங்க?”

“நேத்துலேர்ந்துதான் டீச்சர்.”

முதல் பொய் அது. பதினொரு நாள் ஆகியிருந்தது.

அன்று மாலையே இருவரும் வீடு வீடாகப் போனோம். விஷம் என்ற சொல்லை நான்தான் என் வாயால் சொல்ல வேண்டும் என்றீர்கள். சொன்னேன். ஒருவர் காறித் துப்பினார். “அப்ப உன் கடை அரிசியும் வெசந்தானா?” என்று கேட்டார் இன்னொருவர். அஞ்சலை வீட்டு வாசலில் நான் நின்றபோது நீங்கள் பக்கத்து வீட்டில் இருந்தீர்கள். அவள் அடுப்படியில் மூடி போட்ட தோம்பு ஒன்று, விளிம்புவரை என் கிணற்றுத் தண்ணீர்.

“ஊத்திரு அஞ்சலை. அது வெசம்.”

அவள் சிரித்தாள். “நீங்கதானே மொதலாளி அளவா குடிக்கச் சொன்னீங்க? இப்ப என்னா, டவுனுக்கு விக்க வெலை பேசிட்டீங்களா?”

அவள் குரல் எப்போதுமே உரக்கத்தான். உங்கள் காதில் விழுந்ததா என்று நான் பக்கத்து வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் ஒரு குழந்தையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். விழவில்லை. இன்னும் ஒரு நிமிடம் நின்று அந்தத் தோம்பைக் கவிழ்த்திருந்தால் அவள் கத்தியிருப்பாள், நீங்கள் வந்திருப்பீர்கள், பதினொரு நாளும் வெளியே வந்திருக்கும். நான் அடுத்த வீட்டுக்கு நடந்துவிட்டேன். “எல்லா வீட்லயும் கொட்டிட்டாங்களா?” என்று படியிறங்கும்போது கேட்டீர்கள். கொட்டிவிட்டார்கள் என்றேன். அது இரண்டாவது பொய்.

மறுநாள் கல் லோரி வந்து கிணறு மூடப்பட்டது. அஞ்சலை தோம்பைக் காலி செய்ய மூன்று மாதம் ஆனது. கிணற்றை மூடிவிட்டு நல்ல தண்ணீரை முதலாளி ஒளித்துவைத்துக்கொண்டான் என்று கொழுந்துக் காட்டில் சொல்லிக்கொண்டிருந்தாளாம். ஈப்போ ஆஸ்பத்திரியில் இடது காலை வெட்டி எடுத்தார்கள். அதற்குள் புற்று இடுப்புவரை ஏறியிருந்தது. அடுத்த திருவிழாவுக்கு முன்பே போய்ச் சேர்ந்தாள்.

பத்து வருடத் தண்ணீர்தான் அவளைக் கொன்றது, கடைசி மூன்று மாதம் இல்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். விஞ்ஞானத்தில் அது சரியாகவே இருக்கட்டும். அவள் ஆஸ்பத்திரிக்குப் போகாத மூன்று மாதம் அது. அவளை அடக்கம் செய்த அன்று மண் போட்டுவிட்டு நீங்கள் என்னிடம், “நம்மால முடிஞ்சத செஞ்சோம்” என்றீர்கள். அந்த ‘நம்ம’ என்ற சொல்லில் நான் எட்டு வருடமாக ஓசியில் குடியிருக்கிறேன். நீங்கள் செய்தீர்கள். நான் செய்யவில்லை. உயிரோடு இருந்தபோது இதைச் சொல்லியிருந்தால் நீங்கள் என்னோடு பேசுவதை நிறுத்தியிருப்பீர்கள். அந்தப் பயத்தில்தான் தள்ளிப்போட்டேன். இப்போது சொல்கிறேன், உங்களுக்கு எந்தப் பயனும் இல்லாத நேரத்தில்.

எனக்கும் உள்ளங்கையில் முடிச்சுகள் உண்டு. கல்லாவில் சில்லறை எடுக்கும்போது உரசும். டாக்டர் வெட்டி எடுக்கலாம் என்றார். விடுங்கள் என்றேன். யாராவது என்னிடம் “இது என்னா?” என்று ஒரு சாமானைக் காட்டிக் கேட்டால், இப்போதெல்லாம் ஒரு சொல்லுக்கு ஒரு முகம் மட்டும் இருக்கிற மாதிரிப் பார்த்துப் பதில் சொல்கிறேன். வியாபாரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

கடையையும் நிலத்தையும் விற்றுவிட்டேன். கோலா தெர்லாவில் முட்டைக்கோசு பயிரிடுகிற ஒரு சீனர் வாங்குகிறார். வறட்சி மாதங்களில் பம்பு வைத்துத் தண்ணீர் எடுக்கலாம் என்ற எண்ணத்தில்தான் வந்தார். முதலில் அஞ்சலையைப் பற்றிச் சொன்னேன், பிறகு விலையைச் சொன்னேன். நேற்று வக்கீல் முன்னால் கையெழுத்தானது. சந்தை விலையில் பாதி. பத்திரத்தில் எழுதச் சொன்னது இது: அந்த நிலத்தில் அவரோ அவருக்குப் பின் வருகிறவரோ கிணறு வெட்டக்கூடாது, மூடியதைத் திறக்கக்கூடாது, பம்பு இறக்கக்கூடாது. மேலே ஓடையிலிருந்து குழாய் இழுக்கும் செலவு என்னுடையது. மறுபடி விற்றால், வாங்குகிறவரிடம் காரணத்தை வாயால் சொல்லிவிட்டுத்தான் விற்க வேண்டும்.